இணைந்த முக்கோணங்களும் பொதுப் பக்கமும்

பத்தாம் வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் முக்கோணவியல் பாடத்தின் தொடக்கத்தை எளிதில் கடந்து விடுகின்றனர். சைன், கொசைன், டேன்ஜெண்ட் என்னும் மூன்று விகிதங்களையும் மனப்பாடம் செய்கின்றனர். 30°, 45°, 60° ஆகிய கோணங்களுக்குரிய மதிப்புகளைத் தடையின்றி ஒப்புவிக்கின்றனர். ஒரே ஒரு செங்கோண முக்கோணத்தைத் தந்து, விடுபட்ட பக்கத்தைக் கேட்டால் விடை உடனே வந்து விடுகிறது. ஆனால் ஒரே படத்தில் இரண்டு முக்கோணங்கள் ஒட்டி நின்றால் அங்கேயே தயங்கி விடுகின்றனர். கேட்கப்பட்ட பக்கம் ஒரு முக்கோணத்தில் இருக்கிறது. தரப்பட்ட நீளமோ மற்றொரு முக்கோணத்தில் இருக்கிறது. கையில் உள்ள விதிகளோ ஒரு முக்கோணத்துக்குள் மட்டுமே செல்லுபடியாவன. இதிலிருந்து அதற்கு எவ்வாறு செல்வது என்பதே அவர்களுடைய கலக்கம்.

இந்தக் கலக்கம் நியாயமானதே. ஆயினும் இதனாலேயே "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டி, மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவையே விட்டு விலகும் பிள்ளைகளும் உளர். அவ்வாறு விலகுவதற்கு இதில் ஒன்றுமில்லை. அவர்கள் அறியாதது புதியதொரு சூத்திரம் அன்று. படத்தைப் பார்க்கும் முறை ஒன்றே. இரு முக்கோணங்களுக்கும் பொதுவாக நிற்கும் பக்கத்தை முதலில் கண்டு, அதன் நீளத்தை முதல் முக்கோணத்தில் பெற்று, இரண்டாம் முக்கோணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இவ்வளவே செய்தி. இதனைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கொண்டு, ஒவ்வொரு படத்தையும் தாமே வரைந்து கொண்டு படிக்க வேண்டுகிறோம். பெற்றோரும் உடன் அமர்ந்தால் மிக நன்று.

அடிப்படை நினைவூட்டல்

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள மிக நீண்ட பக்கம் கர்ணம். நாம் எடுத்துக் கொண்ட கோணத்துக்கு எதிரே உள்ளது எதிர்ப்பக்கம். அக்கோணத்தை ஒட்டிச் செங்கோணம் வரை செல்வது அடுத்துள்ள பக்கம். இவற்றைக் கொண்டு,

சைன் = எதிர்ப்பக்கம் ÷ கர்ணம்
கொசைன் = அடுத்துள்ள பக்கம் ÷ கர்ணம்
டேன்ஜெண்ட் = எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம்

என வரையறுக்கிறோம். இக்கட்டுரையில் டேன்ஜெண்ட் என்பதைச் சுருக்கமாக டேன் என எழுதுவோம். கோணம் மாறாத வரையில், முக்கோணம் சிறியதாயினும் பெரியதாயினும் இவ்விகிதங்கள் மாறா. தாளில் வரைந்த சிறு முக்கோணமும் வயல்வெளியில் அமைந்த பெரு முக்கோணமும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவது இதனாலேயே ஆகும்.

பின்வரும் கணக்குகளுக்குத் தேவையான மதிப்புகள் இவை: சைன் 30° = 0.5; சைன் 45° = 0.7071; சைன் 50° = 0.7660; சைன் 60° = 0.8660; சைன் 70° = 0.9397; சைன் 75° = 0.9659. டேன் 30° = 1 ÷ √3; டேன் 45° = 1. √3 இன் மதிப்பு 1.732 ஆகும்.

ஒரு கொடிமரம், இரு கம்பிகள்

கச என்பது நிமிர்ந்து நிற்கும் ஒரு கொடிமரம் என்க. க அதன் உச்சி. ச அதன் அடி. உச்சியிலிருந்து இருபுறமும் இரு கம்பிகள் இழுத்துத் தரையில் கட்டப்பட்டுள்ளன. இடப்புறக் கம்பி ட என்னும் இடத்திலும், வலப்புறக் கம்பி த என்னும் இடத்திலும் தரையைத் தொடுகின்றன. இடப்புறக் கம்பியின் நீளம் 20 மீட்டர். அது தரையோடு 30° கோணம் அமைக்கிறது. வலப்புறக் கம்பி தரையோடு 45° கோணம் அமைக்கிறது. வலப்புறக் கம்பியின் நீளம் யாது? இரு கம்பிகளின் அடிகளுக்கும் இடையே உள்ள தூரம் யாது?

வலப்புற முக்கோணம் கசத. அதில் ஒரு பக்கமும் நமக்குத் தெரியாது. எனவே அதில் நேரே நுழைய இயலாது. நீளம் ஒன்று தெரிந்திருப்பது இடப்புற முக்கோணமாகிய கசட என்பதில்தான். இவ்விரு முக்கோணங்களும் எந்தப் பக்கத்தைப் பகிர்ந்து கொள்கின்றன? கொடிமரமாகிய கச என்பதை. ஆகவே முதலில் காண வேண்டியது அதுவே. வினாவில் கொடிமரத்தின் உயரம் கேட்கப்படவில்லை என்பது பற்றிக் கவலை வேண்டா.

இடப்புற முக்கோணத்தில், கச = 20 × சைன் 30° = 10 மீட்டர்.

இப்பொழுது வலப்புற முக்கோணத்துக்கு ஒரு பக்கம் கிடைத்து விட்டது. அதில் கச ÷ கத = சைன் 45°. ஆகவே கத = 10 ÷ 0.7071 = 14.14 மீட்டர். இதுவே வலப்புறக் கம்பியின் நீளம்.

தரையில் உள்ள தூரமும் இவ்வாறே கிட்டும். இடப்புறத்தில் சட = 10 × √3 = 17.32 மீட்டர். வலப்புறத்தில் டேன் 45° = 1 ஆதலின் சத = 10 மீட்டர். இரண்டும் சேர்ந்து 27.32 மீட்டர்.

இக்கணக்கில் நாம் எடுத்த அடிகள் மூன்று. நீளம் தெரிந்த முக்கோணம் எது எனக் கண்டோம். பொதுப் பக்கம் எது எனக் கண்டோம். அதன் வழியே அடுத்த முக்கோணத்துள் சென்றோம். எத்தனை முக்கோணங்கள் தொடர்ந்து நின்றாலும் முறை இதுவே.

அணுக முடியாத குன்று

சில கணக்குகளில் பொதுப் பக்கத்தின் நீளம் முதல் முக்கோணத்திலும் நேரே கிடைக்காது. அப்பொழுது இரு முக்கோணங்களையும் ஒருசேர வினவ வேண்டும்.

நம் ஊர்ப்புறங்களில் ஏரியும் அதற்கு அப்பால் குன்றும் அமைந்திருத்தல் இயல்பு. குன்றின் உச்சி தெரிகிறது. ஆனால் உச்சிக்கு நேர் கீழே உள்ள இடம் குன்றுக்குள் புதைந்திருப்பதால் அங்குச் சென்று தூரத்தை அளக்க வழியில்லை. ஏரிக்கு இப்பால் சமதளமான நிலம் மட்டுமே உள்ளது. ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது உச்சியின் ஏற்றக்கோணம் 45°. குன்றை விட்டு நேர்கோட்டில் 100 மீட்டர் பின்னே வந்து பார்க்கும்போது ஏற்றக்கோணம் 30°. குன்றின் உயரம் யாது?

உயரத்தை உ எனக் கொள்வோம். அருகில் உள்ள இடத்திலிருந்து அமையும் முக்கோணத்தில் கோணம் 45° ஆதலால், உச்சிக்கு நேர் கீழுள்ள இடம் வரை உள்ள தூரமும் உ ஆகும். பின்னே உள்ள இடத்திலிருந்து அத்தூரம் உ + 100. அங்குக் கோணம் 30° ஆதலால், உ + 100 = √3 × உ என வரும். எனவே,

100 = 1.732 உ − உ = 0.732 உ

உ = 100 ÷ 0.732 = 136.6 மீட்டர்.

இங்குப் பொதுப் பக்கம் குன்றின் உயரம். அது தெரியாதிருந்தும், இரு முக்கோணங்களும் அதனையே பகிர்ந்து கொண்டிருப்பதால் ஒரு சமன்பாடு பிறந்தது. கோணமானியைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அதனையும் கூட்டி 138.1 மீட்டர் என எழுத வேண்டும். தேர்வில் மாணவர் பெரும்பாலும் மறப்பது இந்தக் கடைசிக் கூட்டலையே. முக்கோணம் தொடங்குவது தரையிலா, பார்ப்பவரின் கண்மட்டத்திலா என்பதைப் படத்திலேயே குறித்து விட்டால் மறதி நேராது.

மகாவீராசாரியரும் இரு தூண்களும்

முக்கோணங்களை இணைத்துப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் பழமையானது. 9ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித மேதை மகாவீராசாரியர். அவர் இயற்றிய கணிதசார சங்கிரகம் 1912இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாகி வெளிவந்தது. அந்நூலின் க்ஷேத்திர கணிதப் பகுதியில், இரு தூண்களின் உச்சிகளிலிருந்து கயிறுகள் கட்டி, அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தை ஆராயும் கணக்குகள் உள்ளன. அவ்வகையில் எளியது ஒன்றை இங்குக் காண்போம்.

சமதளத்தில் இரு தூண்கள் நிற்கின்றன. ஒன்றின் உயரம் 6 முழம். மற்றதன் உயரம் 3 முழம். ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மற்றதன் அடிக்குக் கயிறு கட்டப்பட்டுள்ளது. இரு கயிறுகளும் வெட்டும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது? தூண்களுக்கு இடையே உள்ள தூரம் தரப்படவில்லை.

தூரம் இல்லாமல் எவ்வாறு கணக்கிடுவது என்று தோன்றும். இரு பெரிய முக்கோணங்களும் தரையாகிய ஒரே அடிப்பக்கத்தின் மேல் நிற்கின்றன. அவற்றின் பொதுப் பக்கம் அதுவே. வெட்டுமிடத்திலிருந்து தரைக்கு ஒரு செங்குத்து வரைந்தால், அது அடிப்பக்கத்தை இரு துண்டுகளாக்கும். உயரமான தூணின் கயிறு 6 முழத்திலிருந்து படிப்படியாக இறங்கி, சிறிய தூணின் அடியில் தரையைத் தொடுகிறது. எனவே வெட்டுமிடத்தின் உயரத்தை 6ஆல் வகுத்தால், சிறிய தூணின் பக்கம் உள்ள துண்டு மொத்த அடிப்பக்கத்தில் எத்தனைப் பங்கு என்பது கிட்டும். அவ்வாறே அவ்வுயரத்தை 3ஆல் வகுத்தால் மற்றத் துண்டின் பங்கு கிட்டும். இரு துண்டுகளும் சேர்ந்தது முழு அடிப்பக்கம். அதாவது பங்குகளின் கூட்டுத்தொகை 1. ஆகவே,

உயரம் ÷ 6 + உயரம் ÷ 3 = 1

இதிலிருந்து உயரம் 2 முழம் எனக் கிடைக்கிறது. தூண்கள் 10 முழம் தள்ளி நின்றாலும் 100 முழம் தள்ளி நின்றாலும் விடை இதுவே. இரு முக்கோணங்களுக்கும் பொதுவான பக்கம் இருபுறமும் நின்று, கணக்கின் முடிவில் தானே நீங்கி விடுகிறது. பொதுப் பக்கத்தின் நீளத்தை ஒவ்வொரு முறையும் எண்ணாகக் காண வேண்டும் என்பதில்லை என்பதை இது காட்டுகிறது. இக்கருத்து அடுத்து வரும் கணக்கிலும் பயன்படும்.

செங்கோணம் இல்லாத முக்கோணங்கள்

இதுவரை கண்டவை செங்கோண முக்கோணங்கள். வயல்வெளியில் மூன்று இடங்களை இணைத்தால் அங்குச் செங்கோணம் அமைவது அரிது. அதற்கும் வழி உண்டு. அவ்வழியும் பொதுப் பக்கத்திலிருந்தே பிறக்கிறது.

கசட என்பது ஏதேனும் ஒரு முக்கோணம் என்க. ட என்னும் உச்சியிலிருந்து கச என்னும் அடிப்பக்கத்துக்கு ஒரு செங்குத்து வரைக. இப்பொழுது ஒரு முக்கோணம் இரு செங்கோண முக்கோணங்களாகப் பிரிந்து விட்டது. செங்குத்து இரண்டுக்கும் பொதுப் பக்கம். இடப்புற முக்கோணத்தின்படி செங்குத்தின் நீளம் கட × சைன் க. வலப்புற முக்கோணத்தின்படி அதே நீளம் சட × சைன் ச. இரண்டும் ஒன்றே ஆதலின்,

சட ÷ சைன் க = கட ÷ சைன் ச

என்றாகிறது. மூன்றாம் பக்கத்துக்கும் இவ்வாறே காட்டலாம். எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் மூன்று பக்கங்களுக்கும் ஒரே ஈவு வரும். இதனைச் சைன் விதி என்பர். இதன் பயன் பெரிது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலேயே அறியலாம்.

இப்பொழுது இரு முக்கோணங்களை இணைப்போம். கச என்னும் கோட்டை 1000 மீட்டர் என அளந்து கொண்டோம். க என்னும் இடத்தில் கோணம் 60°. ச என்னும் இடத்தில் 75°. ஆகவே ட என்னும் இடத்தில் 45°. சைன் விதியின்படி,

சட = 1000 × சைன் 60° ÷ சைன் 45° = 1224.7 மீட்டர்.

சட என்னும் இப்பக்கத்தின் மறுபுறத்தில் த என்னும் புதிய இடத்தைக் கொண்டு சடத என்னும் இரண்டாம் முக்கோணத்தை அமைக்கிறோம். அதில் ச என்னும் இடத்தில் கோணம் 50°; ட என்னும் இடத்தில் 70°; த என்னும் இடத்தில் 60°. டத காண வேண்டும். மீண்டும் சைன் விதியின்படி,

டத = 1224.7 × சைன் 50° ÷ சைன் 60° = 1083.3 மீட்டர்.

முறை முன்போன்றதே. ஆயினும் இரு வரிகளையும் ஒன்றாக எழுதிப் பாருங்கள்:

டத = 1000 × சைன் 60° ÷ சைன் 45° × சைன் 50° ÷ சைன் 60°

சைன் 60° மேலும் கீழும் நின்று நீங்கி விடுகிறது. மிஞ்சுவது 1000 × சைன் 50° ÷ சைன் 45° மட்டுமே. இடையில் உள்ள பக்கத்தை எண்ணாக்கி, அதைச் சுருக்கி, மறுபடியும் பெருக்குவதைவிட இதுவே எளிது, பிழைக்கும் இடமில்லை. எல்லாக் கணக்கிலும் இவ்வாறு நீங்குவதில்லை. எனினும் எண்களை இறுதி வரியில் மட்டும் இடுவது என்னும் பழக்கத்தை மாணவர் கைக்கொள்வது நலம்.

பரங்கிமலையிலிருந்து இமயம் வரை

இவ்வாறு ஒரு கோட்டை மட்டும் அளந்து, பின்னர் கோணங்களைக் கொண்டே ஊர் ஊராகச் செல்ல முடியுமா? முடியும் என்பதை 1617ஆம் ஆண்டிலேயே ஆலந்து நாட்டின் ஸ்னெல்லியஸ் வெளியிட்ட நூல் காட்டியது. நம் நாட்டில் அப்பெரும்பணி தொடங்கியது சென்னையில்தான்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலையின் அருகே சமதளத்தில் ஓர் அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால், அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, சுமார் 400 முறை அளந்தனர். வெப்பத்தால் இரும்பு நீளும் என்பதால் வெப்பமானியையும் வைத்துப் பார்த்துத் திருத்தம் செய்தனர். ஏழரை மைலுக்கு இத்தனைப் பாடு எதற்கு என்னும் வினா எழலாம். அதன்பின் வரும் முக்கோணங்கள் அனைத்தும் தம் நீளத்தை இந்த ஒரு கோட்டிலிருந்தே பெற வேண்டியிருந்தது என்பதே விடை.

அடிப்படைக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஓர் உயர்ந்த இடத்தைப் பார்த்துக் கோணம் எடுத்தனர். முதல் முக்கோணம் முடிந்தது. அதன் ஒரு பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். அதன் பக்கத்தின் மேல் அதற்கடுத்தது. இவ்வாறு குன்றுகளும் கோயில் கோபுரங்களும் முக்கோணங்களின் உச்சிகளாயின. கோணம் எடுத்த தியோடலைட் என்னும் கருவி சுமார் அரை டன் எடையுள்ளது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் தாமே அமர்ந்து ஆறு வாரங்கள் உழைத்து அதனைச் செப்பனிட்டார். கோணம் காட்டும் வட்டம் சிறிது கோணினாலும் அதன்பின் வரும் ஒவ்வொரு பக்கமும் பிழையாகும் என்பதை அவர் அறிவார்.

அவர் மேற்கொண்ட மற்றொரு செயல் நம் மாணவர்கள் மனத்தில் கொள்ளத் தக்கது. 1804இல் பெங்களூரு அருகே இரண்டாவதாக ஓர் அடிப்படைக் கோட்டைச் சங்கிலியால் அளக்கச் செய்தார். சென்னையிலிருந்து வந்த முக்கோணத் தொடர் அக்கோட்டின் நீளத்தை முன்பே கணக்கில் கூறிவிட்டது. அங்ஙனமாயின் மறுபடியும் அளப்பானேன்? கணக்கு சரியா என்று பார்ப்பதற்காகவே. கணக்கிட்ட நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அதன்பின்னரே தொடர் நம்பிக்கையோடு மேலே சென்றது.

லாம்டன் 1823இல் காலமானார். அவருக்குப் பின்னும் அளவைப் பணி வடக்கே தொடர்ந்து, இமயத்தின் அடிவாரச் சமவெளியை அடைந்தது. 1849, 1850ஆம் ஆண்டுகளில் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து இமயச் சிகரம் ஒன்றின் கோணங்கள் எடுக்கப்பட்டன. சிகரம் வரை உள்ள தூரத்தைக் கிடைமட்ட முக்கோணங்கள் தந்தன. அத்தூரத்தையே அடிப்பக்கமாகக் கொண்ட நிமிர்ந்த முக்கோணம் உயரத்தைத் தந்தது. நாம் கொடிமரத்தில் கண்ட வழியே இதுவும். பூமியின் வளைவுக்கும், காற்றில் ஒளி வளைவதற்கும் உரிய திருத்தங்களை மட்டும் கூடுதலாகச் செய்தனர். இக்கணக்கீட்டில் வங்கக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தாருக்கு முதன்மையான பங்கு உண்டு. 1856இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. அச்சிகரமே எவரெஸ்ட். 2020இல் நேபாளமும் சீனமும் இணைந்து, செயற்கைக்கோள் துணையுடன் அளந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 29,032 அடி. ஒருவரும் ஏறிப் பாராத சிகரத்தின் உயரத்தை, கோணங்களை மட்டும் கொண்டு கூறியதில் பிழை சுமார் 30 அடியே.

பிழையும் தொடர்ந்து செல்லும்

பொதுப் பக்கம் நமக்கு நீளத்தைக் கொண்டு வந்து தருகிறது. அதே பக்கம் பிழையையும் கொண்டு வந்து தரும். இதனை மறந்தால் கற்றது பயனற்றுப் போகும்.

மேலே கண்ட கணக்கில் சட என்பதை 1224.7 என எழுதாமல், வசதிக்காக 1200 என ஒரு மாணவர் எழுதியதாகக் கொள்வோம். அவருக்கு டத 1061.5 என வரும். சரியான விடையிலிருந்து சுமார் 22 மீட்டர் குறைவு. அவர் பயன்படுத்திய விதி சரியானது, பெருக்கலும் சரியானது, ஆயினும் விடை தவறு. அதன்மேல் மூன்றாம் முக்கோணத்தை அமைத்தால் அதுவும் அதே விகிதத்தில் தவறும்.

கோணத்தில் நேரும் பிழையும் இத்தகையதே. சடத என்னும் முக்கோணத்தில் ச என்னும் இடத்தில் 50° என்பதற்குப் பதிலாக 51° எனக் குறித்து விட்டோம் என்க. மூன்றாம் கோணத்தை அளக்காமல், 180° இலிருந்து கழித்து 59° என எழுதிக் கொண்டால் கூட்டுத்தொகை சரியாகவே தோன்றும். ஆனால் டத 1110 மீட்டர் என வந்து சுமார் 27 மீட்டர் பிழையாகும். மூன்றாம் கோணத்தையும் நேரில் அளந்திருந்தால் அது 60° எனக் காட்டும். மூன்றும் சேர்ந்து 181° ஆகும். பிழை அப்பொழுதே வெளிப்பட்டு விடும். இரு கோணங்கள் போதுமே என்று எண்ணாமல் நில அளவையாளர் மூன்றையும் அளப்பதன் காரணம் இதுவே. மூன்றாம் கோணம் கணக்குக்குத் தேவையில்லை, சாட்சிக்குத் தேவை.

மற்றொரு சாட்சியும் உண்டு. ஒரே நீளத்தை இரு வழிகளில் அடைந்து ஒப்பிடுவது. மேல்நிலை வகுப்பில் கொசைன் விதி பயில்வோர் மேற்கண்ட படத்தில் க முதல் த வரை உள்ள தூரத்தைக் கண்டு பார்க்கலாம். ச வழியாக, 1000 மீட்டர், 1328.9 மீட்டர், இடைக்கோணம் 125° ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டால் 2071.4 மீட்டர் வரும். ட வழியாக, 1366.0 மீட்டர், 1083.3 மீட்டர், இடைக்கோணம் 115° ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டாலும் 2071.4 மீட்டரே வரும். இரு வழிகளும் ஓரிடத்தில் கூடினால் கணக்கிட்டவர் மனம் அமைதியுறும். கூடாவிடின் எங்கோ ஒரு வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

தேர்வறையில் இவ்வளவுக்கும் நேரம் இராது என்பர். உண்மையே. ஆயினும் எளிய சோதனை ஒன்று எப்பொழுதும் இயலும். முக்கோணத்தில் பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கமே இருக்க வேண்டும். விடை வந்ததும் படத்தைப் பார்த்து இதனைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

பயிற்சிக்கு மூன்று கணக்குகள்

1. 60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து, ஒரே புறத்தில் ஒரே நேர்கோட்டில் உள்ள இரு படகுகளின் இறக்கக்கோணங்கள் 45°, 30°. படகுகளுக்கு இடையே உள்ள தூரம் யாது?

2. 12 மீட்டர், 4 மீட்டர் உயரமுள்ள இரு தூண்களின் உச்சிகளிலிருந்து எதிர்த் தூணின் அடிகளுக்குக் கயிறுகள் கட்டப்பட்டுள்ளன. அவை வெட்டும் இடத்தின் உயரம் யாது?

3. 500 மீட்டர் நீளமுள்ள ஓர் அடிப்படைக் கோட்டின் முனைகளில் கோணங்கள் 70°, 50°. இம்முக்கோணத்தில் 70° கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின் மேல் மற்றொரு முக்கோணம் அமைகிறது. அப்பக்கத்தின் இரு முனைகளிலும் அதன் கோணங்கள் 60°, 45°. இரண்டாம் முக்கோணத்தில் 60° கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின் நீளம் யாது? எண்களை இறுதியில் மட்டும் இடுக.

விடைகள்: முதற்கணக்குக்கு 43.9 மீட்டர்; இரண்டாவதற்கு 3 மீட்டர்; மூன்றாவதற்கு 486.4 மீட்டர். விடையைப் பார்க்கும் முன்னர்ப் படத்தை வரைந்து, பொதுப் பக்கத்தைத் தடித்த கோடாகக் காட்டிக் கொள்ளுங்கள். அக்கோடு தெரிந்து விட்டால் எஞ்சியது பெருக்கலும் வகுத்தலுமே.

மாணவச் செல்வங்களே! பெரிய கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டா. எவ்வளவு பெரிய படமாயினும் அதனுள் நீங்கள் ஏற்கெனவே அறிந்த சிறு முக்கோணங்களே உள்ளன. தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அதனைச் செம்மையாக அளவிடுங்கள். அடுத்ததற்குச் செல்லும் முன் ஒருமுறை சரிபாருங்கள். பரங்கிமலையில் தொடங்கி இமயம் வரை சென்றவர்களும் இவ்வழியிலேயே ஒவ்வொரு முக்கோணமாகக் கடந்து சென்றனர்.